காற்புள்ளி முதல் கையொப்பம் வரை: அலுவலக எழுத்துக்குப் புதியவர்களுக்கு

நான் முன்பு வேலை பார்த்த ஒரு மொத்த வணிக அலுவலகத்தில், விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர், அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் காலையில் ‘மதுரைப் பார்ட்டி பணம் வந்துவிட்டது’ என்று எழுதினார். அவர் கணக்கரிடம் கேட்டது கேள்வி. வாயால் கேட்டிருந்தால் கடைசிச் சொல்லில் குரல் சற்று ஏறியிருக்கும், எல்லோருக்கும் புரிந்திருக்கும். எழுத்தில் அந்த ஏற்றத்தைக் காட்ட வேண்டிய வினாக்குறியை அவர் போடவில்லை. கிடங்குப் பொறுப்பாளர் அதைச் செய்தியாகவே எடுத்துக்கொண்டு, கட்டி வைத்திருந்த சரக்கை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். பணம் வந்து சேர ஐந்து வாரம் ஆயிற்று. வந்துவிட்டதால் நட்டம் இல்லை, ஆனால் அதன்பின் அந்த இளைஞர் எதை எழுதினாலும், “தம்பி, இது கேள்வியா, பதிலா?” என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருந்ததில்லை. வேலையில் அவர் கெட்டிக்காரர். அந்தப் பெயரை அவர் எடுப்பதற்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

அலுவலகத்தில் உங்களை நேரில் பார்க்காதவர்களே அதிகம். வாடிக்கையாளர், வங்கி, அரசு அலுவலகம், வெளியூர்க் கிளை என எல்லோரிடமும் உங்களுக்கு முன்னால் உங்கள் கடிதம்தான் போய் நிற்கிறது. குறிகள் தாறுமாறாக இருக்கும் கடிதத்தைப் படிப்பவர், ‘இவருக்குத் தமிழ் இலக்கணம் தெரியாது’ என்று நினைப்பதில்லை. ‘எழுதியதை ஒரு முறைகூடத் திரும்பப் படிக்காமல் அனுப்பியிருக்கிறார்’ என்று நினைக்கிறார். அடுத்த நொடியே, இவர் அனுப்பும் விலைப்பட்டியலை நம்பலாமா என்ற ஐயமும் அவருக்கு எழுகிறது.

தமிழில் இந்தக் குறிகளுக்கு நெடுங்கால வரலாறு இல்லை. ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் மெய்யெழுத்தின் புள்ளியைக்கூட இடாமல் விட்டார்கள். காற்புள்ளி (,), அரைப்புள்ளி (;) எல்லாம் அச்சு வந்த பிறகு மேலைநாட்டு வழக்கிலிருந்து வந்தவை. அவற்றைத் தமிழ் உரைநடையில் ஒழுங்காகக் கையாண்டு நிலைநிறுத்தியவர்களில் முதன்மையாகச் சொல்லப்படுபவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). அதற்கு முன் செய்யுளுக்குச் சீரும் அடியும் தளையும் நிறுத்தம் காட்டின; அவை போதாத இடத்தில் உரையாசிரியர் துணைக்கு வந்தார். சொற்களை எப்படிச் சேர்த்துப் பொருள் கொள்வது என்பதற்கே நன்னூல் எட்டு வகைப் பொருள்கோள்களை வகுத்துவைத்திருக்கிறது. எங்கோ இருக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் சொல்லும் பொறுமை உரையாசிரியர் நச்சினார்க்கினியருக்கு இருந்தது. உங்கள் கடிதத்தைப் பிரிக்கும் வங்கி அலுவலருக்கு அது இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

முதலில் முற்றுப்புள்ளி

புதிதாக எழுதுபவர்கள் காற்புள்ளியிலிருந்து கற்கத் தொடங்குகிறார்கள். அது தலைகீழ். முதலில் வாக்கியம் எங்கே முடிகிறது என்பதைப் பாருங்கள். தமிழில் அது எளிது: முற்றுவினை வந்துவிட்டால் பெரும்பாலும் வாக்கியம் முடிந்துவிடுகிறது. எழுதியதைத் திரும்பப் படித்து, ‘அனுப்பினோம்’, ‘வரவில்லை’, ‘வேண்டுகிறோம்’ போன்ற சொற்களின் கீழ் மனத்தளவில் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் முற்றுப்புள்ளி இருக்கிறதா? ‘கடந்த வாரம் சரக்கு அனுப்பினோம், ரசீது வரவில்லை, உடனே அனுப்பவும், நன்றி’ என்று காற்புள்ளியால் கோத்துக்கொண்டே போவது, மூச்சு விடாமல் பேசுபவரைக் கேட்பது போன்றது. ‘கடந்த வாரம் அனுப்பிய சரக்குக்கான ரசீது இன்னும் வரவில்லை. அதை உடனே அனுப்பி உதவ வேண்டுகிறோம். நன்றி.’ என்று எழுதினால், அதே செய்தி நிதானமானவரிடமிருந்து வந்ததாகத் தோன்றும்.

இரண்டு முற்று வாக்கியங்கள் ஒன்றோடொன்று நெருங்கிய தொடர்புடையவையாக இருந்து, அவற்றை முற்றுப்புள்ளியால் பிரிக்க மனம் வரவில்லையென்றால், அரைப்புள்ளி இடலாம்: ‘முதல் தவணை செலுத்தப்பட்டுவிட்டது; இரண்டாம் தவணை நிலுவையில் உள்ளது.’ ஒரு பக்கக் கடிதத்துக்கு ஒன்றிரண்டு அரைப்புள்ளிகள் போதும்.

காற்புள்ளி

தமிழில் வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் செய்யும் வேலையைக் காற்புள்ளியிடம் கொடுக்காமல் இருப்பதே பாதித் தேர்ச்சி. ‘கணக்கர், மேலாளர் அறையில் இல்லை’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். கணக்கர் மேலாளரின் அறையில் இல்லையா, அல்லது கணக்கர், மேலாளர் இருவருமே அறையில் இல்லையா? காற்புள்ளியை எடுத்தாலும் குழப்பம் தீராது. ‘கணக்கரும் மேலாளரும் அறையில் இல்லை’ என்றோ, ‘மேலாளரின் அறையில் கணக்கர் இல்லை’ என்றோ எழுதிவிட்டால் குறியே தேவைப்படாது.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. ‘உம்’ சேர்த்து அடுக்கினால் காற்புள்ளி வேண்டாம்: ‘அரிசியும் பருப்பும் எண்ணெயும் அனுப்பியுள்ளோம்.’ உம் இல்லாமல் அடுக்கினால் காற்புள்ளி வேண்டும். ஆனால் ‘ஆகிய’, ‘ஆகியவை’, ‘முதலிய’ என்பவற்றுக்கு முன்னால் வேண்டாம்: ‘அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றை அனுப்பியுள்ளோம்.’ ‘எண்ணெய், ஆகியவற்றை’ என்று எழுதுவதை நாள்தோறும் பார்க்கிறேன்.

காற்புள்ளி பொருளையே மாற்றும் இடமும் தமிழில் உண்டு. பெயரெச்சம் (‘சேதமடைந்த’, ‘இருந்த’ போல ஒரு பெயரைத் தழுவும் சொல்) இரண்டு அடுத்தடுத்து வரும்போது அது நேர்கிறது. ‘சேதமடைந்த பெட்டிகளில் இருந்த பொருட்களைத் திருப்பி அனுப்புகிறோம்’ என்றால் சேதமடைந்தவை பெட்டிகள். ‘சேதமடைந்த, பெட்டிகளில் இருந்த பொருட்களைத் திருப்பி அனுப்புகிறோம்’ என்றால் சேதமடைந்தவை பொருட்கள். காப்பீட்டு இழப்பீடு கேட்கும் கடிதத்தில் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறியதன்று. இப்படிப்பட்ட இடத்தில் காற்புள்ளியை நம்புவதைவிடச் சொற்களை இடம் மாற்றுவதே பாதுகாப்பு: ‘பெட்டிகளில் இருந்த சேதமடைந்த பொருட்களை’ என்று எழுதிவிடலாம். குறி அச்சில் விழாமல் போகலாம், நகலெடுக்கையில் மங்கலாம். சொல்லின் இடம் மாறாது.

இது வெறும் இலக்கண வம்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்லலாம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பால் வண்டி ஓட்டுநர்கள் சிலர், தங்களுக்குக் கூடுதல் நேர ஊதியம் தரப்படவில்லை என்று தங்கள் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். எந்தெந்த வேலைகளுக்கு அந்த ஊதியம் கிடையாது என்று மாநிலச் சட்டம் ஒரு பட்டியல் தந்திருந்தது. பட்டியலின் கடைசியில் ‘அல்லது’ என்ற சொல்லுக்கு முன் காற்புள்ளி இல்லை. ஆகவே, ‘விநியோகித்தல்’ என்பது தனி வேலையா, அல்லது ‘அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ பொதி கட்டுதல்’ என்ற ஒரே வேலையின் பகுதியா என்ற கேள்வி எழுந்தது. ஓட்டுநர்கள் செய்தது விநியோகம். பொதி கட்டுவது அன்று. சட்டம் தெளிவாக இல்லை என்று 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு வழக்கு 50 இலட்சம் டாலருக்குச் சமரசமாயிற்று. மேலே நான் எழுதிய தமிழ் வடிவில் ‘ஓ’ என்னும் இடைச்சொல் அந்த ஐயத்தைத் தீர்த்துவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். ஒப்பந்தம் எழுதும்போது ‘அல்லது’ என்று போடும் இடத்திலெல்லாம் ஒருமுறை நின்று, ‘ஓ’ சேர்த்தால் தெளிவு கூடுமா என்று பார்ப்பது நல்லது.

காற்புள்ளியோடு சேர்ந்து வரும் இன்னொரு தவறு, மெய்ப்புத் திருத்துபவர்களின் கண்ணில் மட்டும் படுவது. ‘வங்கிக்குக் கடிதம் அனுப்பினோம்’ என்று எழுதும்போது க் மிகுகிறது. இடையில் காற்புள்ளி வந்தால் மிகாது: ‘வங்கிக்கு, கடந்த வாரமே கடிதம் அனுப்பிவிட்டோம்.’ நிறுத்தம் வந்துவிட்டால் இரண்டு சொற்களும் ஒட்டிப் புணர்வதில்லை அல்லவா? ‘வங்கிக்குக், கடந்த வாரமே’ என்று எழுதினால், காற்புள்ளியைப் பிறகு நினைவு வந்து சொருகியது தெரிந்துவிடும். ‘எனவே’, ‘ஆகவே’, ‘ஆனால்’ என்று தொடங்கும் வாக்கியங்களில் அச்சொற்களுக்குப் பின் காற்புள்ளி இடுவது வழக்கம். வாக்கியம் சிறியதாக இருந்தால் விட்டாலும் குறையில்லை.

வினா, வியப்பு, மேற்கோள்

‘சரக்கு எப்போது வரும்?’ என்பது வினா. ‘சரக்கு எப்போது வரும் என்று தெரிவிக்க வேண்டுகிறோம்’ என்பது வேண்டுகோள்; அதன் இறுதியில் முற்றுப்புள்ளிதான். ‘“சரக்கு எப்போது வரும்?” என்று வாடிக்கையாளர் கேட்டார்.’ என்று எழுதும்போது வினாக்குறி மேற்கோளுக்குள் நின்றுவிடும். பேச்சு வழக்கில் வினா எழுத்தான ‘ஆ’வை விட்டுவிட்டுக் குரலாலேயே கேட்பது நமக்குப் பழக்கம், ‘வந்துவிட்டதா’ என்பதற்கு ‘வந்துவிட்டது’ என்பது அப்படித்தான். அலுவலகச் செய்தியில் ‘ஆ’வையும் போடுங்கள், குறியையும் போடுங்கள்.

வியப்புக்குறி அலுவலகக் கடிதத்தில் ‘வணக்கம்!’ என்ற இடத்தில் மட்டும் பொறுத்துக்கொள்ளத்தக்கது. அங்கும் முற்றுப்புள்ளியே எனக்குப் பிடிக்கும். மூன்று வியப்புக்குறிகளை வரிசையாகப் போட்டவருக்குக் கடன் கொடுக்க எந்த வங்கியும் தயங்கும் என்று என் பழைய மேலாளர் வேடிக்கையாகச் சொல்வார்.

புள்ளிகளை வரிசையாகப் போடும் பழக்கம் அதைவிடத் தொல்லை தருவது. கைப்பேசியில் எழுதும் தமிழில் ‘வணக்கம்......’, ‘சரி.....’, ‘பார்க்கலாம்....’ என்பவை இயல்பாகவே வந்துவிட்டன. எழுதுபவர் அதை ஒரு மரியாதையான இழுப்பாக நினைக்கிறார். ‘திங்கட்கிழமை பணம் அனுப்புகிறோம்...’ என்று உங்கள் கடன்காரர் எழுதினால் உங்களுக்கு என்ன தோன்றும்? அதே தோற்றம்தான் உங்களைப் பற்றி மற்றவருக்கும் ஏற்படும். ‘திங்கட்கிழமை பணம் அனுப்புகிறோம்.’ என்ற ஒற்றைப் புள்ளியில் உறுதி இருக்கிறது. மேற்கோளில் நடுவே சில சொற்களை விட்டிருக்கிறோம் என்று காட்டுவதற்கு மட்டும் முப்புள்ளியை வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்கோள் குறியை அழுத்தம் காட்டப் பயன்படுத்துவது கடைப் பலகைகளில் தொடங்கி விலைப்பட்டியல் வரை பரவியிருக்கிறது. ‘“சுத்தமான” பசு நெய் கிடைக்கும்’ என்று எழுதினால், சுத்தத்தைப் பற்றி எழுதியவருக்கே ஐயம் இருப்பதாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அழுத்தம் வேண்டுமென்றால் தடித்த எழுத்து இருக்கிறது. பிறர் சொன்னதை அப்படியே எடுத்துக்காட்ட இரட்டை மேற்கோளும், ஒரு சொல்லையோ பெயரையோ தனித்துக் காட்ட ஒற்றை மேற்கோளும் என்று வைத்துக்கொண்டு, கடிதம் முழுவதும் அதையே கடைப்பிடியுங்கள்.

எண்களும் முகவரியும்

எண்ணில் வரும் குறி பணம். இந்திய வழக்கில் ரூ.1,25,000 என்று இலட்சத்தைப் பிரிக்கிறோம். இலங்கையிலும் மலேசியாவிலும் 125,000 என்று எழுதுவார்கள். ஜெர்மனியில் 12.500 என்றால் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. நமக்கு அது பன்னிரண்டரை. வெளிநாட்டுத் தமிழர்களோடு வணிகம் செய்பவர்கள் இதை மறக்கக் கூடாது. எந்த வழக்கைக் கொண்டாலும், முக்கியமான தொகையை அடைப்புக்குறிக்குள் எழுத்தாலும் எழுதிவிடுங்கள்: ரூ.1,25,000 (ரூபாய் ஒரு இலட்சத்து இருபத்தைந்தாயிரம் மட்டும்). தேதியிலும் அப்படியே: 05.06.2024 என்பது நமக்கு ஜூன் 5. அமெரிக்காவில் இருப்பவர் அதை மே 6 என்று படிக்க இடமுண்டு. வெளிநாட்டுக் கடிதத்தில் மாதத்தின் பெயரை எழுதுவதே நல்லது.

முதலெழுத்துக்குப் பின் புள்ளியும் ஓர் இடைவெளியும் இடுவதா, இடைவெளி இல்லாமல் இடுவதா என்பதில் இரண்டு வழக்கும் உண்டு. ஒரே கடிதத்தில் ‘க. முருகன்’ என்றும் ‘க.முருகன்’ என்றும் ‘க முருகன்’ என்றும் மூன்று விதமாக எழுதுவதுதான் தவறு. முகவரியில் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் காற்புள்ளி, கடைசி வரியில் முற்றுப்புள்ளி. ஊர்ப் பெயருக்குப் பின் ஒரு கோடு, அதன் பின் அஞ்சல் குறியீட்டு எண்: சென்னை – 600 002. ஆறு இலக்கத்தை மூன்று மூன்றாகப் பிரித்து எழுதினால் கண் தடுமாறாது.

கடிதத்தின் எலும்புக்கூடு

அரசு அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் ‘பொருள்:’ என்ற வரி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்; உங்கள் கடிதம் எந்தப் பிரிவின் மேசைக்குப் போகும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. தமிழக அரசுக் கடிதங்களில் அந்த வரி பெரிய பொருளிலிருந்து சிறிய பொருளுக்குக் கோடுகளால் இறங்கி வரும். ‘பொருள்: வேளாண்மை – பயிர்க் காப்பீடு – இழப்பீடு வழங்கக் கோருதல் – தொடர்பாக.’ இதே செய்தியை ‘எங்கள் பயிருக்கு இழப்பீடு வழங்க வேண்டி, விண்ணப்பம்!!’ என்று எழுதினாலும் கடிதம் போய்ச் சேரும். ஆனால் இந்த வழக்கம் தெரிந்தவர் எழுதியது என்று முதல் வரியிலேயே தெரியும்போது, எதிரே இருக்கும் அலுவலர் மிச்சத்தையும் கவனமாகப் படிக்கிறார்.

‘பெறுநர்’, ‘பொருள்’, ‘பார்வை’, ‘நாள்’, ‘இடம்’ ஆகியவற்றுக்குப் பின் வருவது முக்காற்புள்ளி (:). ‘மதிப்பிற்குரிய ஐயா,’ என்ற விளிக்குப் பின் காற்புள்ளி. ‘இங்ஙனம்,’ என்பதற்குப் பின்னும் காற்புள்ளி. கையொப்பத்துக்குக் கீழே எழுதும் பெயருக்குப் பின் எதுவும் வேண்டாம்.

தட்டச்சு

குறிக்கு முன் இடைவெளி இல்லை. குறிக்குப் பின் ஓர் இடைவெளி. இதை மட்டும் பழக்கிக்கொண்டாலே உங்கள் கடிதம் பாதி திருந்திவிடும். ‘வணக்கம் ,தங்கள் கடிதம்’ என்று எழுதினால், வரி மடங்கும்போது அந்தக் காற்புள்ளி அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளக்கூடும். உங்கள் திரையில் அது தெரியாது. பெறுபவரின் சிறிய கைப்பேசித் திரையில் தெரியும்.

பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிய கோப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பாமினி எழுத்துருவில் காற்புள்ளி விசையை அழுத்தினால் ‘இ’ விழும். காற்புள்ளி வேண்டுமென்றால் வலப்பக்கம் கூரான கோணக்குறியை அழுத்த வேண்டும். ஆகவே, சரியாக மாறாத கோப்பில் காற்புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் கோணக்குறியும், ‘இ’ இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளியும் நிற்பதைப் பார்க்கலாம். பழைய கடிதத்தை நகலெடுத்துப் புதிய கடிதம் தயாரிக்கும் அலுவலகங்களில் இது ஆண்டுக்கணக்கில் தொடர்வதுண்டு. குரல் வழியாகத் தட்டச்சு செய்பவர்கள், குறி ஒன்றாவது விழுந்திருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டியிருக்கும்.

அனுப்பும் முன்னும் பின்னும்

கடிதத்தை வாய்விட்டு, மெதுவாக, வேறு யாரோ எழுதியது போல் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீளம். நா தடுக்கும் இடத்தில் குறி தவறு. பிறகு எண்களை மட்டும் கடைசியிலிருந்து முதலுக்குப் படியுங்கள். பொருள் தெரியாமல் படிக்கும்போதுதான் இலக்கமும் புள்ளியும் கண்ணில் படும். முக்கியமான கடிதம் என்றால் தாளில் ஒரு படி எடுத்துப் பாருங்கள். திரையில் தப்பிய தவறு தாளில் அகப்படும்.

எல்லாம் பார்த்தும் தவறு போய்விட்டால், விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். தொகை, தேதி, பெயர் ஆகியவற்றைப் பாதிக்காத தவறு என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்; யாரும் கேட்கப் போவதில்லை. பாதிக்கும் தவறு என்றால், அன்றைக்கே திருத்திய கடிதத்தின் மேல் ‘திருத்தப்பட்ட படி’ என்று எழுதி, ‘05.06.2024 நாளிட்ட எங்கள் கடிதத்தில் தொகை ரூ.12,500 என்று இருக்க வேண்டும். முந்தைய கடிதத்துக்கு மாற்றாக இதை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம்.’ என்ற இரண்டு வாக்கியங்களோடு அனுப்பிவிட்டு, பழைய படியைக் கோப்பிலிருந்து எடுக்காமல் குறுக்கே ஒரு கோடு போட்டு வையுங்கள்.